பதினாறாவது சேனலின் காய்ச்சல்

தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தபடியே ஓடுகிற மோட்டார்களைச் செய்யும் எங்கள் கம்பெனியில், எந்த ஒயரும் மாட்டாமல் சும்மா கிடந்த பதினாறாவது சேனலுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் காய்ச்சல் வந்தது.

மோட்டாருக்குச் சூடு ஏறுவது எங்களுக்குப் புதிதல்ல. கோயமுத்தூரில் பாதிப்பேர் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. அந்தச் சூட்டைப் பார்ப்பதற்கென்றே டெஸ்டிங் ரூம் என்று ஒன்றைக் கட்டி, அதற்குள் ஆளை முழுகடிக்கிற ஆழத்தில் ஒரு தொட்டியையும் கட்டி, அதில் பதினைந்து மோட்டார்களை இறக்கி, ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளிருந்தும் ஒரு சென்சார் ஒயரை வெளியே இழுத்து, சுவரோரம் நிற்கும் சுவிட்ச் பெட்டியின் ஸ்க்ரூக்களில் முறுக்கி வைத்திருந்தார்கள். ஸ்க்ரூவுக்கு ஒரு சேனல், மொத்தம் பதினாறு. ஒயர்கள் பதினைந்து, ஆனால் சூட்டைப் படித்துச் சொல்கிற மீட்டர் ஒன்றே ஒன்று. ஆகவே பெட்டிக்குள் சேனலுக்கு ஒன்றாக, தானாக ஒட்டிப் பிரிகிற சுவிட்ச் மாதிரி சின்னச் சின்ன ரிலேக்கள் இருந்தன. டிக்கென்று ஒரு ரிலேயின் நாக்கு எழும்பி ஒட்டும், மீட்டர் அந்த மோட்டாரைப் படிக்கும், டிக்கென்று நாக்கு விழும், அடுத்தது எழும்பும். கடைசிச் சேனலில் எதையும் மாட்டாமல் காலியாக விடுவது இந்த வேலையில் வழக்கம், என்றைக்காவது ஒன்று பழுதானால் மாற்றிக்கொள்ளலாம் என்று.

இந்த டிக் டிக்கையெல்லாம் ஆட்டுவித்தவள் வசுமதி. அவள் எழுதுகிற புரோகிராமில் எழுத்து குறைவு, படம்தான் அதிகம். கம்ப்யூட்டர் திரையில் பெட்டி பெட்டியாக வைத்து, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நிறநிறமாகக் கோடு இழுத்துக்கொண்டிருப்பாள், நாங்கள் அந்தப் பக்கம் போனால் ‘என்ன அம்மிணி, கோலம் முடிஞ்சுதா?’ என்று வம்புக்கு இழுப்போம். அவளும் சலிக்காமல் சொல்லுவாள். முதல் பெட்டி, சேர். எந்தச் சேனலை எந்த மீட்டரோடு என்று அதற்கு இரண்டு பெயர் கொடுக்க வேண்டும். இரண்டாவது, பொறு, ஒட்டினவுடனே ரிலேயின் நாக்கு கொஞ்சம் துள்ளும், துள்ளல் அடங்குவதற்குள் படித்தால் கண்டதைக் காட்டும். மூன்றாவது, படி. நான்காவது, பிரி. பிரித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சேர்க்க வேண்டும், மறந்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் இரண்டு மோட்டாரின் சூடும் கலந்து நடுவாந்தரமாக ஒரு எண் வரும், அது எந்த மோட்டாருக்கும் சொந்தமில்லாத எண் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவாள்.

அந்த வசுமதிக்கு இலக்கியா என்று ஒரே மகள், மூன்றாம் வகுப்பு, ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்கு வந்தால் பொரியை விட்டுவிட்டு நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்கிற பிள்ளை. ஆனி மாதத்தில் காய்ச்சலில் படுத்தவள் ஆடி பிறப்பதற்குள் போய்விட்டாள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைசிச் சாயங்காலம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, மகளின் நெற்றியில் கையை வைத்தபடி வசுமதி இருந்தபோது, ஊசி போட வந்த நர்ஸ் ‘கையைக் கொஞ்சம் எடுங்கம்மா’ என்றாள். எடுத்தாள். பிறகு கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். மறுபடியும் அந்த நெற்றியில் கை வைக்க விட்டபோது அது குளிர்ந்திருந்தது. நடுவில் காய்ச்சல் எப்போது இறங்கியது, பிள்ளைக்குக் கொஞ்ச நேரமாவது சுகமாக இருந்ததா என்பது அவளுக்குத் தெரியாது. அதுதான் அவளை அரித்தது. காரியத்துக்கு வந்துவிட்டுப் போன கணவன் சிவப்பிரகாசம் மஸ்கட்டிலிருந்து தினமும் போன் செய்வான். ‘இங்க வெயில் நாப்பத்திநாலுங்கறாங்க’ என்பான். ‘இங்க பரவால்லீங்க’ என்பாள் இவள். மகளின் பெயரை இருவரும் எடுப்பதில்லை.

லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பின நாள்தான் அந்தத் திங்கட்கிழமை. காலியாகக் கிடக்கிற ஸ்க்ரூ லூசாகிவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பது அவள் பழக்கம். பதினாறாவது சேனலின் முறை வந்தபோது அவளுடைய விரல் அதன் மேல் இருந்தது. டிக். எதுவும் மாட்டாத சேனலுக்குத் திரையில் எண்ணுக்குப் பதில் இரண்டு கோடுதான் வர வேண்டும், 39.8 என்று வந்தது. வீட்டுத் தெர்மாமீட்டரின் கணக்கு வேறு, மனசுக்குள் மாற்றிப் பார்த்தாள், நூற்றி மூன்று புள்ளி ஆறு. அது அவளுக்குத் தெரிந்த எண். விரலின் கீழே ஸ்க்ரூ இல்லை, நெற்றி இருந்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லாமல் காய்ந்து கொதிக்கிற சின்ன நெற்றி, தைலம் தடவினது, ஓரத்தில் மயிர் படிந்தது. டிக்கென்று ரிலே விழுந்தது, ஸ்க்ரூ மறுபடி இரும்பானது.

வசுமதி கத்தவில்லை, மயங்கி விழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதினாறை மட்டும் தனியாகச் சேர்ப்பதற்குப் புரோகிராமில் இன்னொரு பட்டனை வரைந்தாள். சேனலுக்கு எண்ணுக்குப் பதிலாகப் பெயரும் கொடுக்கலாம், ‘இலக்கியா’ என்று கொடுத்தாள். அவள் எழுதின மற்ற எல்லாவற்றையும் போல அதுவும் ஒழுங்காக வேலை செய்தது. டீ இடைவேளை முழுவதும் விரலை எடுக்காமல் வைத்திருந்தால் 39.8 மெல்ல 39.7 ஆகும், அவள் முகம் தெளியும், அதற்குள் மணி அடித்துவிடும், மோட்டார்களைப் படிக்க மீட்டர் வேண்டுமே, பிரிக்க வேண்டியதுதான். அடுத்த இடைவேளையில் சேர்த்தால் மறுபடியும் 39.8இல் நிற்கும். அந்த வாரம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

முதலில் கண்டுபிடித்தவர், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற ஒயிண்டிங் செக்‌ஷன் ஃபோர்மேன் சென்னியப்பன். தன் மோட்டார் ஒன்று பாஸாகிவிட்டதா என்று கேட்க வந்தவர், கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலைப் பெட்டியில் வைத்து உட்கார்ந்திருந்த வசுமதியைப் பார்த்துப் பதறிவிட்டார்.

‘அம்மிணி, ஷாக் அடிச்சுக்கிச்சா?’

‘இல்லீங்கண்ணா. பாப்பாவுக்குக் காய்ச்சல்.’

துக்கம் தலைக்கேறிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். அவளோ எழுந்து இடம் விட்டு, ‘நீங்களும் வெச்சுப் பாருங்க’ என்றாள். வைத்தார். டிக். துள்ளல் அடங்கிற்று. 36.7 என்று வந்தது. சென்னியப்பனின் மனைவி கருணாம்பாள் போய்ச் சேர்ந்து ஆறேழு வருடம் இருக்கும். அவர், ‘அவ உள்ளங்கைதான். செக்குப்பாறை கணக்கா சொரசொரன்னு, அப்படியே இருக்குது’ என்றார், மோட்டார் பாஸா என்று கேட்க மறந்துபோய்க் கேன்டீனுக்குப் போய் டீ வாங்கிக் குடித்தார். மத்தியான சாப்பாட்டுக்குள் விஷயம் செக்யூரிட்டி வரைக்கும் போய்விட்டது.

எங்கள் கம்பெனியில் ஒரு விஷயம் நடந்தால் ஏன் நடந்தது என்று யாரும் கேட்க மாட்டோம், யாருக்கு முதல் முறை என்றுதான் கேட்போம். மறுநாளே டெஸ்டிங் ரூம் வாசலில் வரிசை நின்றது. யூனியன்காரர்கள் பேசி, காலை டீக்கு ஒயிண்டிங், மாலை டீக்கு அசெம்பிளி, சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் என்று பிரித்துக் கொடுத்தார்கள். கிரீஸ் கையோடு வரக் கூடாது, சூடம் கொளுத்தக் கூடாது, பூ வைத்துக்கொள்ளலாம். விரலை வைத்ததும் வசுமதி பட்டனைத் தட்டுவாள், துள்ளல் அடங்குகிற அந்த இமைப்பொழுதில் வைத்தவரும் மூச்சை நிறுத்துவார், வரிசையில் நிற்கிற நாங்களும் நிறுத்துவோம். இந்தப் பழக்கம் எங்களோடு வீட்டுக்கும் வந்தது. யாராவது எதையாவது சுள்ளென்று சொன்னால் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு பொறுத்தோம். அந்த மாதங்களில் எங்கள் லைன் வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சண்டை குறைந்ததாக வாடகைக்கு விட்டவர்களே சொன்னார்கள்.

வந்தது அவரவருக்கு அவரவர் ஆள். ஒருவருக்குத் தகப்பனின் தோள், ஒருத்திக்குக் கூடப்பிறந்தவளின் கன்னம். எனக்கு வந்தது யார் என்று சொல்ல மாட்டேன், அது என் பாடு. பேக்கிங் ஆறுச்சாமிக்கு 38.6 வந்தது, காய்ச்சலோ என்று எல்லோரும் பதறினால், அவன் வளர்த்த காராம்பசு, மாட்டுக்கு அதுதான் சாதாரணச் சூடாம். சிரித்தோம், ஆனால் வரிசையிலேயே அதிகமாக அழுதவன் அவன்தான். வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிற சின்னப் பையன்களுக்கு இரண்டு கோடுதான் வந்தது, அவர்கள் ஏதோ பரீட்சையில் தோற்றவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மேனேஜர் ஜெயபால் முதல் நாள் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார், டெஸ்டிங் ரூமில் வேலையில்லாதவர் நுழையக் கூடாது என்று. இரண்டாம் நாள் சுவிட்ச் பெட்டியை ஆய்வு செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு தானே வந்தார், ஆய்வு முடிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போகும்போது சுற்றறிக்கையையும் கிழித்துக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

பிரிக்கிற இடம்தான் கஷ்டம். யாருடைய ஆளையும் வசுமதி தானாகப் பிரிக்க மாட்டாள். வைத்தவரே ‘போதும்’ என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் பட்டனைத் தட்டுவாள். சிலருக்கு அந்த வார்த்தை வர வெகுநேரம் ஆகும், வரிசையில் யாரும் முணுமுணுக்க மாட்டோம். ஆனால் அவள் தன் முறைக்கு ஒரு நாளும் ‘போதும்’ சொன்னதில்லை, மணிதான் அவளுக்காகச் சொல்லும்.

கேன்டீன் ராஜாமணிக்கு வந்தது அவள் தம்பி தண்டபாணி. அக்கா தம்பிக்குள் ஒரு வரப்புத் தகராறு, எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்க்காமல் வருடக்கணக்கில் இருந்தார்கள், அவிநாசி ரோட்டில் லாரி மோதி அவன் போன பிறகுதான் ராஜாமணி அந்த வீட்டு வாசலை மிதித்தாள். இப்போது அவள் விரலை வைத்தால் அவன் கை வந்தது, விரலை இறுக்கிப் பிடித்தது, உதறவில்லை. ‘புடிச்சுக்கிட்டானுங், விடவே மாட்டீங்கறானுங்’ என்று வடை போடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் புரட்டாசியில் எங்கள் கேன்டீன் வடைக்கு உப்பு சரியாக இருந்தது, அதற்கு முன்னால் அப்படி இருந்ததில்லை.

வரிசை நீண்டுகொண்டே போயிற்று, வசுமதியின் முறை குறைந்துகொண்டே வந்தது. ஊரார் துக்கத்தையெல்லாம் சேர்த்துப் பிரித்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் பிள்ளையின் நெற்றியில் விரல் வைக்க நேரம் இல்லை. விரலை எடுத்தால் காய்ச்சல் ஏறும் என்பது தெரிந்த பிறகு எந்தத் தாய் எடுப்பாள்? ஒரு நாள் அவள் புதிதாக வேலைக்கு வருகிறவன்கூடச் செய்யாத காரியத்தைச் செய்தாள். ஒரு மெல்லிய ஒயரின் ஒரு முனையைப் பதினாறின் ஸ்க்ரூவில் மாட்டி, மறுமுனையைத் தன் இடதுகை மோதிர விரலில் சுற்றிக்கொண்டு, அதைப் பிரிக்காமலேயே விட்டுவிட்டு, பதினைந்தாவது மோட்டாரின் ஒயரைக் கழற்றிப் போட்டு, அன்றைய வரிசையைப் பதினைந்தாவது சேனலில் நடத்தினாள். முந்தினதைப் பிரிக்காமல் அடுத்ததைச் சேர்க்காதே என்று ஆயிரம் தடவை சொன்ன வாய் அவளுடையதுதான்.

முதலில் வந்தவள் ராஜாமணி. விரலை வைத்தாள், டிக், துள்ளல் அடங்கிற்று, அலறிவிட்டாள்.

‘ஐயோ, எந்தம்பிக்குக் காய்ச்சல் அடிக்குதுங்! நெருப்பாட்டக் கொதிக்குது!’

திரையில் 38.2. அவள் கேன்டீனுக்கு ஓடி மிளகும் துளசியும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தாள், யார் வாயில் ஊற்றுவாள் பாவம், டம்ளரோடு வந்து நின்றாள். அடுத்து சென்னியப்பன் வைத்தார், கருணாம்பாளின் உள்ளங்கையும் கொதித்தது. அன்றைக்கு வரிசையில் வந்த ஒவ்வொருவர் ஆளும் காய்ச்சலில் கிடந்தார்கள், செத்தவர்களுக்குள் ஏதோ விஷக்காய்ச்சல் பரவுகிறது என்று பேச்சாகிவிட்டது. ஒருவன் ஈரத்துணி கொண்டுவந்து பெட்டியின் மேல் போடப் போனான், கரண்டு இருக்கிறது என்று கையைப் பிடித்து இழுத்தோம்.

சென்னியப்பன்தான் வசுமதியின் விரலில் சுற்றியிருந்த ஒயரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

‘நான்தானுங்கண்ணா’ என்றாள் அவள். ‘பாப்பாவைப் பிரிக்காம விட்டுட்டேன். எல்லாம் ஒரே மீட்டர்ல கலந்துருச்சு. உங்க யாருக்கும் காய்ச்சல் இல்ல, அவ காய்ச்சல்தான் பங்காகி வருது.’

ராஜாமணி கையிலிருந்த கஷாயத்தைக் கீழே வைத்தாள். ‘உம்பட புள்ளைக்கு வந்தா எங்க ஆளுகளுக்கும் வரோணுமா? செத்துங்கூட எந்தம்பிக்கு நிம்மதி இல்லியா?’ என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான்.

வசுமதி அழுதாள். எல்லோர் முன்னாலும் அவள் அழுதது அன்றைக்குத்தான். அழுதுகொண்டே சொன்னாள், ‘அக்கா, உங்க தம்பி சேர்ந்திருந்த அந்த நேரத்துல, என் விரலுக்கு அடியில அவளுக்கும் முப்பத்தெட்டுப் புள்ளி ரெண்டுதான் இருந்துச்சு. நான் எத்தன நாளா வெச்சும் எறங்காதது, உங்க தம்பி வந்ததும் எறங்குச்சு. அவரோட குளிர்ச்சி அவளுக்குப் பங்காச்சு.’

தொட்டிக்குள் மோட்டார்கள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன.

‘ஒருத்தர் சேர்ந்தா அத்தன எறங்குதுன்னா’ என்று ஆரம்பித்த சென்னியப்பன் முடிக்கவில்லை. எல்லோரும் சேர்ந்தால் பிள்ளைக்குக் காய்ச்சலே விட்டுவிடும் என்று அவர் சொல்ல வந்தது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது, வசுமதிக்கும்.

‘வேண்டாமுங்கண்ணா’ என்றாள். ‘சேர்த்துட்டுப் பிரிச்சா சேனல் தாங்காது.’

தாங்கவில்லை என்பதை மறுநாள் கண்ணால் பார்த்தோம். கலந்து பிரிந்த பதினைந்தாவது சேனல் ஊமையாகிவிட்டது, யார் விரல் வைத்தாலும் இரண்டு கோடுதான். பதினாறு தப்பித்தது, ஆனால் துள்ளல் அடங்க முன்னைவிட நேரம் எடுத்தது, இன்னொரு தடவை கலந்தால் அதுவும் போய்விடும் என்று வசுமதி சொன்னாள். கையிருப்பில் இருந்த ஒரே ரிலேயைப் பதினைந்தில் மாட்டிவிட்டு, அந்த மாதிரி ரிலே இப்போது யாரும் செய்வதில்லை, பழையபடி ஒவ்வொருவராக, பிரித்துப் பிரித்து வரிசையை நடத்தினாள். தன் முறையை விட்டுக்கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி எல்லோருக்கும் அதிக நேரம் கொடுத்தாள், அவர்கள் ‘போதும்’ சொல்லும்வரை தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள்.

அந்தத் தலைகுனிவைத்தான் எங்களால் பார்க்க முடியவில்லை. அவரவர் ஆளின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை கொதித்துக்கொண்டு கிடக்கிறது என்கிற நினைப்பு வந்துவிடும். ‘போதும்’ சீக்கிரமாக வர ஆரம்பித்தது. ஒரு நாள் கேன்டீனில் சென்னியப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

‘கருணா இருந்திருந்தா, அடுத்த ஊட்டுக் கொழந்தைக்குக் காய்ச்சல்னு கேட்ட பொறகு இப்படி என்ர கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டா. என்னைய நெட்டித் தள்ளிட்டு ஓடியிருப்பா. நான் அவளை அனுப்பலாம்னு இருக்கறேன்.’

அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை. மொத்தம் பதினாறு சேனல், ஒன்று வசுமதிக்கு, மிச்சத்துக்கு ஆள் வேண்டும். பெட்டி போனால் எல்லோருக்கும்தான் போகும், வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொண்டார்கள், மேனேஜரும் உட்பட. ஒப்புக்கொள்ளாதவள் ராஜாமணி மட்டும்.

‘நான் தர மாட்டனுங்’ என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. ‘இருக்கும்போது அவன் கையப் புடிக்கல. இப்பத்தான் புடிச்சிருக்கறேன். நீங்க எல்லாரும் வாழ்ந்து முடிச்சு அனுப்பறீங்க, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.’

அவளை யாரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துகிற முகம் எங்களில் யாருக்கும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. எந்த மெஷினும் ஓடாத நாள். தொட்டித் தண்ணீரை வடித்து, மோட்டார்களைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சுவிட்ச் பெட்டிக்கும் மீட்டருக்கும் வைத்து, பொரியும் கடலையும் படைத்தோம். பூஜை அன்றைக்கு மெஷினைத் தொடலாமா என்று ஒருவர் இழுத்தார். ‘ஓட்டத்தான் கூடாது, தொடலாம்’ என்று சென்னியப்பன் முடித்துவிட்டார். சென்சார் ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றினோம். பெட்டியைச் சுற்றிப் பதினாறு பேர் நெருக்கியடித்து நிற்க முடியாதென்று, அன்றைக்கு வசுமதி பதினாறில் கட்டினது போலவே ஸ்க்ரூவுக்கு ஒரு ஒயர் இழுத்து, அவரவர் விரலில் சுற்றிக்கொண்டு வட்டமாக நின்றோம். ஆறுச்சாமிக்கு ஒரு ஒயரை நீட்டினால் பின்வாங்கினான், ‘எம்பட மாட்டுக்குச் சூடு ஜாஸ்திங்க, கொழந்தைக்கு ஏறிப்போயிரும்’ என்றான். பட்டனைத் தட்டுகிற வேலையை அவனிடம் கொடுத்தோம். பதினைந்தாவது ஒயர் மட்டும் யார் விரலிலும் இல்லாமல் தரையில் கிடந்தது. அதை எடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள், கலக்காத சேனல் ஒன்றாவது ராஜாமணிக்கு மிஞ்சட்டும் என்று யாரும் எடுக்கவில்லை.

வசுமதி அதற்கென்று ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். அதில் சேர், சேர், சேர் என்று சேர்க்கிற பெட்டிகள் வரிசையாக இருந்தன, நடுவில் ஒரு பிரி கூட இல்லை. கடைசியில் மட்டும் ஒன்று.

முதலில் இலக்கியா. டிக். 39.8. வசுமதி கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து சென்னியப்பன். டிக். பொறுத்தோம். 38.2. கருணாம்பாள் போய்விட்டாள் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது, அவருடைய கையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடிவிட்டாள். அடுத்து மேனேஜரின் அப்பா. 37.7. அப்புறம் ஒருவர் பின் ஒருவராக, டிக், டிக் என்று, என் முறையும் வந்தது, என் விரலுக்கடியில் இருந்தவர் ஒரு கணம் அழுத்திவிட்டுப் போனார், அதற்குப் பதிலாக நான் போய்ப் பார்த்தேயிராத அந்தக் காய்ச்சல் நேரத்துப் பிள்ளையின் நெற்றி வந்தது, எங்கள் எல்லோருடைய விரலுக்கடியிலும் அந்த ஒரே நெற்றிதான் இருந்தது. 37.1 வரை வந்து நின்றுவிட்டது. கணக்குப்படி இன்னும் இறங்கியிருக்க வேண்டும் என்றாள் வசுமதி. இறங்கவில்லை. நெற்றி காய்ந்தே இருந்தது.

பெட்டியிலிருந்து சூடான வார்னிஷ் வாசனை வர ஆரம்பித்தபோது ராஜாமணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கை முழுக்கப் பொரி உருண்டைக்குக் காய்ச்சின வெல்லப்பாகு. முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, யாரையும் பார்க்காமல், தரையில் கிடந்த ஒயரை எடுத்து விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

‘டே தண்டபாணி’ என்றாள், ‘அக்கா சொல்றேன், இந்த ஒருக்கா கையை உடுறா சாமி. அங்க ஒரு கொழந்த கெடக்குது. அதைப் போய்ப் புடி.’

ஆறுச்சாமி தட்டினான். டிக். துள்ளல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அவள் ஒருத்தியின் விரல் பெரிதாக எதையும் மாற்றியிருக்கக் கூடாது. ஆனால் திரையில் 36.8 என்று வந்தது. எங்கள் விரல்களின் கீழே அந்த நெற்றி வியர்த்தது. முதலில் மயிரோரத்தில் பொடிப்பொடியாக, பிறகு நனைத்துக்கொண்டு. யாரோ விசும்பினார்கள். வசுமதி சிரித்தாள், வாய்விட்டே சிரித்தாள், ‘விட்டுருச்சு, விட்டுருச்சுங்க’ என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னாள்.

36.8 கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் 36.7. அப்புறம் 36.6. அவள் சிரிப்பு நின்றது.

அது எங்கே போகிறது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், கதவுக்கு வெளியே அவள் நின்றிருந்தபோது இறங்கினதும் இப்படித்தான் இறங்கியிருக்கும். விரலை எடுக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் மகள் இருப்பாள், ஆனால் குளிர்ந்துகொண்டே இருப்பாள். இப்போது எடுத்தால் நன்றாக இருக்கிற பிள்ளையாக, காய்ச்சல் விட்டுத் தூங்குகிற பிள்ளையாக விட்டுவிட்டு எடுக்கலாம். ஆறுச்சாமி பட்டன் மேல் விரலை வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘போதும்’ என்று அவள் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்ல முடியாது. 36.5.

வசுமதி குனிந்து, ஒயர் சுற்றின தன் விரலை முகத்தோடு வைத்துக்கொண்டாள்.

‘கையை எடுக்கறேன் கண்ணு’ என்றாள். ‘தூங்கு.’

பிறகு நிமிர்ந்து, ‘போதுங்க’ என்றாள்.

எல்லா ரிலேயும் ஒரே டிக்கில் விழுந்தன. திரையில் பதினாறு வரியிலும் இரண்டு இரண்டு கோடு வந்தது. எங்கள் விரல்களில் வெறும் ஒயர் இருந்தது, ராஜாமணியின் விரலில் பாகோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது, சென்னியப்பன் தண்ணீர் தொட்டு நனைத்து மெதுவாகப் பிரித்தெடுத்தார். அவள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பொரி கொடுக்க வேண்டும் என்று போனாள், எல்லோருக்கும் கொடுத்தாள். வசுமதிக்கு மட்டும் கடலையாகப் பொறுக்கி ஒரு கை வைத்தாள்.

சாயங்காலம் கேட் பக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அவளுக்கு மஸ்கட் போன் வந்தது. வழக்கம்போல வெயிலைப் பற்றித்தான் இருக்கும் என்று நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். அவள் அவனைப் பேச விடவில்லை.

‘ஏனுங்க, காய்ச்சல் விட்டுருச்சுங்க’ என்றாள்.

யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. ‘எப்ப?’ என்று மட்டும் கேட்டது எங்களுக்கே கேட்டது.

‘இப்பத்தான்’ என்றாள் வசுமதி. ‘நல்லா வேர்த்திருக்குதுங்க. தூங்கறா.’